ஸ்டோர்காரர் தன்னைப் பற்றிச் சொன்னது

தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவர் ஸ்டோர்காரர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. இருபத்து மூன்று வருடங்களாக ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் கம்பி வலை. வலையின் நடுவே ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு உட்புறம் பேரிங், ஆயில் சீல், வாஷர், ஸ்பிரிங், நட்டு என்று நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வகைச் சாமான்கள். வெளிப்புறம், அவற்றைக் கேட்டு வருகிறவர்களின் முகங்கள்.

அவர் பேசுகிற ஆள் இல்லை. வேலைக்கு மூன்று பதில்கள் போதுமாக இருந்தன. "இருக்கு." "இல்ல." "ஸ்லிப் எங்க?" லேத் ஓட்டுகிற டர்னர் ஒருத்தர் பந்தயம் கட்டி ஒரு நாள் முழுக்க எண்ணிப் பார்த்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அறுபத்தோரு வார்த்தை. அதில் நாற்பது, ஸ்லிப்.

வேலைக்குச் சேர்ந்ததும் கிட்டத்தட்டப் பேசாமல்தான். அப்போது அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தார். தொழிற்சாலையின் பழைய முதலாளி பழுது பார்க்கக் கொடுத்திருந்த கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க இவர் அங்கே வந்தார். முதலாளி அதை மாட்டிக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப உள்ள போய் உக்காரு. ஸ்டோர்ல ஆள் இல்ல."

போய் உட்கார்ந்தார். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேறு ஆள் போட்டுக்கொண்டார்.

பழைய முதலாளி தொழிற்சாலையை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனார். வாங்கினவர்கள் பெரிய நிறுவனம். அவர்கள் முதல் காரியமாக எல்லோருக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். புதிய நிர்வாகத்தின் கீழ் எல்லாப் பதவிகளும் காலியாகக் கருதப்படும். விருப்பம் உள்ளவர்கள் விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்கு வரலாம். ஸ்டோர்காரர் அதை உட்கார்ந்தபடியே படித்தார். பிறகு பாதி எழுந்து, குனிந்து, தன் நாற்காலியைப் பார்த்தார். காலியாக இல்லை. அவர்தான் இருந்தார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: தற்போதைய வேலையிலிருந்து விலக விரும்புவதன் காரணம். "விருப்பம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். புது நிறுவனம் அனுப்பியிருந்த மனிதவள அதிகாரி அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கே வந்துவிட்டார். முப்பது வயதுக்காரி, எப்போதும் கையில் ஒரு ஃபைல், முகத்தில் தூக்கம் கெட்ட களை.

"சார், விருப்பம் இல்லன்னா விண்ணப்பம் செல்லாது."

"விலக விருப்பம் இல்லன்னு எழுதினேன் மேடம்."

"விலகினாத்தானே சார் சேர முடியும்?"

தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆனாலும் அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "மேற்படி வேலையில் சேருவதற்காக" என்று எழுதிக் கொடுத்தார். அது செல்லுபடியானது.

அன்றிலிருந்து தொழிற்சாலை முழுக்க ஒரே முணுமுணுப்பு. டர்னர் லேத்தைப் பார்த்து, "நான் சவால்களை விரும்புகிறவன்" என்று சொல்லிக்கொண்டே இரும்பைச் சீவினார். பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பேட்டி கண்டார்கள். வாட்ச்மேன் பாடு இன்னும் வேடிக்கை. கேட்கிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள, உள்ளே வருகிற ஒவ்வொரு லாரி டிரைவரிடமும், "ஐஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்குறீங்க?" என்று கேட்டார். ஒரு டிரைவர், "இந்த கேட்லயேதான் நிப்பேன் போல, சங்கிலியைத் தொறய்யா" என்றார். அந்தப் பதில் வாட்ச்மேனுக்குப் பிடித்துப்போய் எழுதி வைத்துக்கொண்டார்.

ஸ்டோர்காரர் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், மனைவி உடனே தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி என்றால் ஸ்டோர்காரரின் மச்சினன். முப்பத்து நாலு வயது. அதுவரை முப்பத்தோரு நேர்முகத் தேர்வுக்குப் போனவன். வங்கி, விமான நிலையம், பிஸ்கட் கம்பெனி, பள்ளிக்கூடம், வானிலை ஆராய்ச்சி நிலையம் என்று அவன் ஏறாத படி இல்லை. ஒன்றிலும் எடுபடவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் கடைசிக் கட்டம் வரை போயிருக்கிறான். அதனால் அவனுக்குத் தெரியாத கேள்வி உலகத்தில் கிடையாது. கேட்பதற்கு முன்பே பதிலின் வாசனை அவனிடமிருந்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்து டையோடும் தடிமனான நோட்டோடும் வந்து சேர்ந்தான். சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் மாமா. ஓரத்தில் அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிக்கலாமா மாமா? உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"எதைப் பத்தி?"

"உங்களைப் பத்தி."

"எனக்கென்ன?"

மச்சினன் டையைத் தளர்த்திக்கொண்டான். "சரி, அதை அப்புறம் பாப்போம். ஐஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்க?"

"ஸ்டோர்ல."

"அப்படிச் சொல்லக் கூடாது மாமா. மேல போகணும்."

"மேல மாடியில பெயிண்ட் செக்‌ஷன்தான் இருக்கு."

"உங்க பலவீனம் என்ன?"

அவர் யோசித்தார். மனைவி கத்தியை நிறுத்தாமலே ஆரம்பித்தாள்: "கூப்பிட்டா காது கேக்காது. ஈரத் துண்டை கட்டில்ல போடுறது. போனை எடுத்துட்டு ஹலோ சொல்லாம நிக்கிறது. விருந்தாளி வந்தா பாத்ரூமுக்குள்ள போயிடுறது..." பதினான்கு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பதினைந்தாவதைத் தொடங்கும்போது தம்பி குறுக்கிட்டான்.

"அக்கா, இதெல்லாம் நிஜமான பலவீனம். இன்டர்வியூவுக்கு ஆகாது. கேட்டா பலவீனம் மாதிரி இருக்கணும், யோசிச்சா பலமா தெரியணும். எதையும் நூறு சதவீதம் சரியா செஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும், அதுதான் என் பலவீனம். இப்படி."

"அவரு படுத்தவுடனே தூங்கிடுவாரேடா."

மனைவிக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை. வாயைத் திறக்காதவர்களைத் திறக்க வைப்பது அன்றாடம் பார்க்கிற சமாச்சாரம். அவள் தன் வழியில் ஒரு யோசனை சொன்னாள். "கேக்கிறவங்க மூஞ்சிய பாக்காதீங்க. கூரையில எத்தனை பல்பு இருக்குன்னு எண்ணுங்க. வாய் தானா தொறந்துக்கும்." எண்ணிப் பார்த்தார். வாய் திறந்தது. ஆனால், "ரெண்டு" என்றுதான் வந்தது.

மூன்றாவது வாரம் ஸ்டோர்காரர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டோரில் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் உண்டு. எண் தெரிந்தால் இருட்டிலும் சாமானை எடுத்துவிடுவார். அதே மாதிரி மச்சினன் கொடுத்த பதினேழு பதில்களுக்கும் எண் போட்டு, அட்டை எழுதி, மனசுக்குள் அடுக்கி வைத்தார். அ-1, என்னைப் பற்றி. அ-2, பலம். அ-3, பலவீனம். இ-4, எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள். அதற்கப்புறம் மச்சினன் "அ-2" என்றால் போதும், பலம் மூன்று வரியில் தடங்கல் இல்லாமல் கொட்டியது. குரல் கூடக் கொஞ்சம் உயர்ந்தது. மனைவிக்கே ஆச்சரியம்.

"மாமா, பிரமாதம்! இப்ப நம்பர் இல்லாம. உங்க பலம் என்ன?"

ஸ்டோர்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அ-2 மாமா."

கொட்டியது.

"அங்க யாரும் நம்பர் சொல்லிக் கேக்க மாட்டாங்களே மாமா" என்றான் மச்சினன், அழாத குறையாக.

இதற்கு நடுவே மனிதவள அதிகாரி மறுபடி ஜன்னலுக்கு வந்தார். ஸ்டோர் வேலைக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருக்கிறதாம். குறைந்தது இரண்டு பேர் இல்லாவிட்டால் தேர்வே நடத்தக் கூடாது என்பது விதியாம். தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். ஸ்டோர்காரருக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

"முப்பத்திரண்டாவது. மாமாவுக்காகப் போறேன்" என்றான் மச்சினன், பெருந்தன்மையாக.

"நல்லா சொதப்பிட்டு வாடா" என்றாள் அக்கா.

"அது நம்ம கையிலயா இருக்கு? முப்பத்தோரு தடவையும் சொதப்பணும்னா போனேன்?"

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அதிகாரி மூன்றாம் முறை வந்தார். கையில் இரண்டு கடிதம். முதலாவது, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விண்ணப்பதாரராக ஆஜராகச் சொன்னது. இரண்டாவது, அதே வெள்ளி, அதே பதினோரு மணிக்குத் தேர்வுக் குழுவின் துறை நிபுணராக அமரச் சொன்னது. குழுவில் மூன்று பேர் இருக்க வேண்டும். ஒருவர் சம்பந்தப்பட்ட வேலையில் பத்து வருட அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஸ்டோர் வேலையில் அப்படி இருந்தவர் ஒரே ஒருத்தர்.

ஸ்டோர்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், ரெண்டும் பதினோரு மணிக்குப் போட்டிருக்கு."

"ஆமா சார். ஒரே இன்டர்வியூதானே."

கூடவே ஓர் உறுதிமொழிப் படிவமும் இருந்தது. விண்ணப்பதாரர் எனக்கு இரத்த உறவிலோ திருமண உறவிலோ சம்பந்தப்பட்டவர் அல்லர். ஸ்டோர்காரர் பேனாவைத் திறந்துவிட்டு மூடினார்.

"இது என் ரத்தம்தானே மேடம்?"

அதிகாரி அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். கால் மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். அதற்குள் இரண்டு பேர் பேரிங் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"அவங்க லிஸ்ட்ல பதினெட்டு உறவு இருக்கு சார்" என்றார் போனை வைத்துவிட்டு. "சித்தி, பெரியப்பா, சம்பந்தி எல்லாம் இருக்கு. 'தான்'னு ஒண்ணு இல்ல. தாராளமா கையெழுத்து போடலாம்."

"மச்சினன்?"

"மச்சினன் ஏழாவது. அவர் வரும்போது நீங்க வெளிய போயிடணும்."

ஆக, தன்னைத் தானே பேட்டி காண அவருக்கு ஒரு தடையும் இல்லை, மச்சினனைத்தான் கூடாது. அன்று சாயங்காலம் இதையும், நிபுணர் கையில் நூற்றுக்கு நாற்பது மார்க் என்பதையும் கேட்டுவிட்டு மனைவி வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது மார்க் உங்க கையிலன்னா நாப்பதையும் போட்டுக்கோங்க. வெக்கப்படாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை வாசலிலேயே குழப்பம். தேர்வுக்கு வருகிற எல்லோரும் வெளியாட்களாகக் கருதப்பட்டு, வருகையாளர் நோட்டில் எழுதி அட்டை வாங்க வேண்டும் என்று உத்தரவு. வாட்ச்மேனுக்கும் அன்று தேர்வு. அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே கையை விட்டு நோட்டை எடுத்து, தன் பெயரை எழுதி, யாரைப் பார்க்க என்ற இடத்தில் திணறி, கடைசியில் தனக்குத் தானே அட்டை கொடுத்துக்கொண்டு உள்ளே போனார். பையைச் சோதித்தாரா என்று யாரோ கேட்டதற்கு, "தெரிஞ்ச ஆள்தானே, விட்டுட்டேன்" என்றார்.

அறையில் நீளமான மேசை. ஒரு பக்கம் மூன்று நாற்காலி, எதிரே ஒன்று. மூலையில் முக்காலியின் மேல் ஒரு கேமரா; நடப்பது முழுவதும் பதிவாக வேண்டுமாம். நடு நாற்காலியில் புது மேனேஜர். வேர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைத் தோய்த்து வைத்திருந்த கனத்த மனிதர். இடப்பக்கம் அதிகாரி. வலப்பக்க நாற்காலியில், தேய்த்த சட்டையில், ஸ்டோர்காரர்.

"முதல் விண்ணப்பதாரர் வரலாம்" என்றார் மேனேஜர்.

ஒருவரும் வரவில்லை. அதிகாரி மெல்லக் குனிந்து, "சார், நீங்க வெளிய போய் கதவைத் தட்டிட்டு வாங்க. கேமராவுல இருக்கணும்" என்றார். ஸ்டோர்காரர் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தி, தட்டி, "உள்ள வரலாமா?" என்றார். மேனேஜர், பழக்க தோஷத்தில், வலப்பக்கத்து நாற்காலியை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார். அ-1 தயாராக, தட்டின் விளிம்பில் இருந்தது. மேனேஜர் மட்டும் கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டிருந்தால் விழுந்திருக்கும்.

"உங்க பயணத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"பஸ்ல வரேன் சார்" என்றார் ஸ்டோர்காரர். "ரெண்டு பஸ் மாறணும்."

மேனேஜர் குறித்துக்கொண்டார். அதிகாரி அவசரமாக, "எங்க நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?" என்றார். இ-4. அது பளிச்சென்று வந்தது. ஆனால் மச்சினன் அதை பிஸ்கட் கம்பெனிக்குச் சொன்னபடியே எழுதிக் கொடுத்திருந்தான். தங்கள் நிறுவனத்தின் சுவையும் தரமும் சிறுவயதிலிருந்தே என்னைக் கவர்ந்தவை என்று பம்பு கம்பெனியைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

"இனி துறை நிபுணர் கேக்கலாம்" என்றார் அதிகாரி.

ஸ்டோர்காரர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, எதிர் நாற்காலியைப் பார்த்துப் படித்தார். "ஆயில் சீலை ஸ்டோர்ல எப்படி வைக்கணும்?"

எழுந்து, சுற்றிப் போய், அங்கே உட்கார்ந்தார். "படுக்க வைக்கணும். ஆணியில மாட்டக் கூடாது. மாட்டினா அதோட உதடு கோணிக்கும், அப்புறம் தண்ணி ஒழுகும்."

எழுந்து, சுற்றி வந்தார். "சரி" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

இப்படி நான்கு கேள்வி. நாலாவது சுற்றில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஐந்தாவது கேள்வி தாளில் இருந்தது. அவர் தாளைப் பார்க்கவில்லை. தான் எழுந்து வந்த எதிர் நாற்காலியைப் பார்த்தார். அமுங்கிய மெத்தை மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அந்த ஆளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"இருபத்து மூணு வருஷமா அந்த ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருக்கீங்க" என்றார், மெதுவாக. "ஒரு நாளாவது வெளிய வந்து, நீங்க குடுத்த சாமானெல்லாம் சேந்து ஒரு பம்பு ஓடுறதைப் பாத்திருக்கீங்களா?"

மேனேஜர் துடைப்பதை நிறுத்தினார். ஸ்டோர்காரர் எழுந்து, இந்தத் தடவை மெல்ல நடந்து, எதிரே போய் உட்கார்ந்தார். தான் விட்டுவந்த நாற்காலியைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"இல்ல சார். பாக்கணும்னு நெனச்சிருக்கேன். நான் எழுந்து போன நேரத்துல யாராவது ஸ்லிப்போட வந்து நிப்பாங்களோன்னு போகல. முதல் வருஷம் அப்படி. அப்புறம் போகணும்னு நெனைக்கிறதையே விட்டுட்டேன்." நிறுத்தினார். வாய் நிற்கவில்லை. "இன்னொண்ணும் சொல்லிடுறேன் சார். ஒரு தட்டுல கடைசி ஒண்ணு மட்டும் இருந்தா எனக்குக் குடுக்க மனசு வராது. தட்டு காலியானா நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன்னு இருக்கும். அதனால இருந்தாலும் இல்லன்னு சொல்லியிருக்கேன். திரும்பிப் போவாங்க. அவங்க முதுகைப் பாத்துட்டே இருப்பேன்."

"எத்தனை தடவை இப்படிப் பொய் சொல்லியிருக்கீங்க?" என்றார் மேனேஜர், முன்னால் சாய்ந்து.

"சார், ஸ்டோர் சம்பந்தமான கேள்விய நிபுணர்தான் கேக்கணும்" என்றார் அதிகாரி, விதிப் புத்தகத்தைத் தொட்டு.

ஸ்டோர்காரர் எழுந்தார். சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். "எத்தனை தடவை?" என்றார். சுற்றி வந்தார். "எண்ணல சார்" என்றார். தலை குனிந்துகொண்டார்.

மதிப்பெண் போடுகிற நேரம் வந்தது. மேனேஜருக்கு முப்பது, அதிகாரிக்கு முப்பது, நிபுணருக்கு நாற்பது. ஸ்டோர்காரர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல, இருபத்திரண்டு என்று எழுதினார். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுத் தவித்துப் போனார்.

"சார், உண்மையைச் சொன்னாரே. அதுக்காவது கொஞ்சம்..."

"உண்மைதான் மேடம். ஆனா சொன்ன உண்மை நல்லா இல்லையே."

அடுத்த விண்ணப்பதாரர் மச்சினன். ஏழாவது உறவு. ஸ்டோர்காரர் வெளியே வந்தார். அன்றைக்கு ஸ்டோருக்கு விடுமுறை என்று பூட்டுப் போட்டிருந்தார்கள். வேலை நேரத்தில் கையில் ஒன்றுமில்லாமல் அவர் அந்தத் தொழிற்சாலையில் நின்றதே இல்லை. கால் போன போக்கில் நடந்தார். லேத்துகளைத் தாண்டி, கடைசியில் இருந்த சோதனைக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார். பம்பைச் சோதிக்கிற பெண் அவரை அடையாளம் கண்டுகொள்ளவே நேரம் பிடித்தது. கம்பி வலை இல்லாமல் அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"நீங்களா? என்ன சார் வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ஓட்டிக் காட்டுறியாம்மா?"

அவள் சுவிட்சைப் போட்டாள். பம்பு ஒரு தடவை இருமியது. உறுமியது. குழாய் வாயில் தண்ணீர் ஆள் தடிமனுக்குப் பீறிட்டு எதிர்ச் சுவரில் அறைந்தது. ஸ்டோர்காரர் கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். தேய்த்த சட்டை தொப்பலாக நனைந்தது. நகரவில்லை. "இது உள்ள ரெண்டு ஆயில் சீல் இருக்குல்ல?" என்று சத்தத்தை மீறிக் கத்திக் கேட்டார். அவள் தலையாட்டினாள். "நான் குடுத்தது!" என்றார். அவளுக்குக் காது கேட்கவில்லை. அதனால் மறுபடியும் கத்தினார்.

அந்த நேரத்தில் அறைக்குள் மச்சினன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். பயணத்தைப் பற்றிக் கேட்டதும் பஸ் என்று சொல்லாத முதல் ஆள் அவன்தான் என்பதால் மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருவர் மட்டும் போட்ட மதிப்பெண் அறுபதுக்கு ஐம்பத்து நான்கு. நூற்றுக்குப் பெருக்கினால் தொண்ணூறு. ஸ்டோர்காரருக்கு மொத்தம் அறுபத்தாறு.

பத்து நாள் கழித்து ஆணை தபாலில் வந்தது. மச்சினனுக்கு. பிரித்துப் படித்தவன் பேயறைந்த மாதிரி அக்கா வீட்டுக்கு ஓடி வந்தான்.

"மாமா, எடுத்துட்டாங்க. இதுக்கப்புறம் என்ன பண்ணணும்? இந்த இடத்துக்கு நான் வந்ததே இல்ல."

"வேலைக்குப் போகணும்" என்றார் ஸ்டோர்காரர்.

"தினமுமா?"

அக்கா தம்பியோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் அந்தக் கோபம் புருஷன் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு போட்டுக்கொண்ட மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பாத்திரங்களிடம் கேட்டாள். அப்புறம் ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். நாற்பதை முழுசாகப் போட்டிருந்தாலும் எண்பத்து நாலுதான், தம்பிதான் வந்திருப்பான். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் டீ போட்டாள்.

மச்சினன் வேலையில் சேர்ந்த அன்று மனிதவள அதிகாரி விதிப் புத்தகத்தோடு வந்தார். வெளியேறுகிற ஸ்டோர்காரர் எல்லாச் சாமான்களையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். புதியவர் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட வேண்டும். கடைசிக் கையெழுத்து விழுகிற வரை வெளியேறுகிறவர் வெளியேறக் கூடாது. பழைய சம்பளத்திலேயே இருக்கலாம். "ஒரு வாரத்துல முடிச்சுடலாம்ல சார்?" என்றார்.

எண்ண ஆரம்பித்தார்கள். முதல் தட்டில் வாஷர் நூற்றுப் பன்னிரண்டு. எழுதி, மச்சினன் பேனாவை எடுக்கும்போது டர்னர் ஸ்லிப்போடு வந்து ஆறு வாங்கிக்கொண்டு போனார். அடித்துவிட்டு நூற்றாறு என்று எழுதினார்கள். அதற்குள் லாரியில் புது வாஷர் பெட்டி வந்து இறங்கியது. எண்ணி முடிக்கும்வரை சாமான் கொடுப்பதை நிறுத்தினால் பம்பு நின்றுவிடும். பம்பை நிறுத்த விதியில் இடமில்லை. எண்ணாமல் விடவும் விதியில் இடமில்லை. தலைமை அலுவலகம் ஆலோசிப்பதாகச் சொன்னது. இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

இது இரண்டாவது வருடம். மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். எண்ணூற்று நாற்பது வகைதான் முடிந்திருக்கிறது. அதிலும் முந்நூறு, கையெழுத்து காய்வதற்குள் மாறிப்போனவை. ஜன்னலுக்குப் பின்னால் இப்போது இரண்டு நாற்காலி. ஸ்டோர்காரர் ஒரு நாளைக்கு ஒரு தடவை வெளியே ஒரு சுற்று போய்விட்டு வருகிறார். எந்தப் பம்பு எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொல்கிறார். அவர் வாய் ஓயாமல் பேசுவதாக அவள் கிளினிக்கில் குறைப்பட்டுக்கொள்கிறாள்; குரலில் குறை ஒன்றும் தெரியவில்லை என்கிறார் பல் டாக்டர்.

போன வாரம் மத்தியானம் ஸ்பிரிங் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கொசுவின் கால் அளவு மெல்லிய ஸ்பிரிங்; ஒரு தட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். மச்சினன் ஒவ்வொன்றாக எண்ணித் தள்ளிக்கொண்டே வந்தவன், அறுநூற்று நாற்பதில் மேசைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனான். ஜன்னலில் ஒருத்தர் ஸ்லிப்போடு வந்தார். ஸ்டோர்காரர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அந்த ஆள் ஓசைப்படாமல் ஸ்லிப்பை ஓட்டையில் செருகிவிட்டுக் காத்திருந்தார். மச்சினனின் கன்னத்துக்கு அடியிலிருந்து நோட்டை மெல்ல உருவி, 640 என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவிட்டு, ஸ்டோர்காரர் அறுநூற்று நாற்பத்தொன்றிலிருந்து எண்ணினார்.